அஞ்சலட்டையில் கடை விளம்பரம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கிருஷ்ணகிரியில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். பழைய வாடிக்கையாளர்களுக்குப் பல ஆண்டுகளாக அஞ்சலட்டை எழுதி வருவதால், அது குறித்து நம் மாவட்டத்தாரும் தருமபுரிக்காரர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பாலக்கோடு, மரச்செக்கு எண்ணெய்க் கடை: ஓர் அட்டை 50 காசுதானே? 300 பேருக்கு அச்சடித்து அனுப்பினால் 150 ரூபாயில் முடிந்துவிடுமா?

கையால் எழுதினால் முடியும், அச்சடித்தால் முடியாது. செய்தியை அச்சிட்டு அனுப்பும் அட்டைக்குக் கட்டணம் 6 ரூபாய் என்பதால், 300 அட்டைக்கு 1,800 ரூபாய் ஆகிவிடும், அச்சுக்கூலி தனி. அச்சகம் வைத்திருந்தும் இதை அறியாமல், ஒரு தீபாவளிக்கு 50 காசு அட்டைகளில் வாழ்த்தையும் தள்ளுபடியையும் அச்சடித்து அனுப்பிவிட்டேன். அட்டை வந்து சேர்ந்தவர்கள் சிலரிடம், குறைந்த தபால் கட்டணத்துக்காகப் பற்றாக்குறைக் கட்டணம் கேட்கப்பட்டது. "உங்கள் வாழ்த்துக்கு நாங்கள் காசு கொடுக்க வேண்டுமா?" என்று கேட்பதற்காகவே இருவர் கடைக்கு வந்தார்கள். ஆகவே, அச்சுத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன்: அச்சடிக்காதீர்கள். வீட்டில் இருவர் உட்கார்ந்து மாலைக்கு ஆளுக்கு 25 அட்டை எழுதினால் ஆறு நாளில் வேலை முடியும். கையெழுத்தைப் பார்த்தால் படிக்காமல் தூக்கிப் போடுபவர் குறைவு.

காவேரிப்பட்டணம், மாந்தோப்பு: அவ்வளவு சிறிய இடத்தில் எதை எழுதுவது?

அட்டை 14 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் கொண்டது, முகவரிப் பக்கத்தின் வலப்பாதி முகவரிக்கே போய்விடும். எனவே ஒரே ஒரு செய்திதான். "ஐயா, சென்ற ஆண்டு எங்களிடம் இரண்டு பெட்டி மல்கோவா வாங்கினீர்கள். இந்த ஆண்டு முதல் பறிப்பு ஜூன் 8ஆம் தேதி. கல் வைத்துப் பழுக்க வைப்பதில்லை, வைக்கோலில்தான். எத்தனை பெட்டி எடுத்து வைக்கட்டும்?" இதற்குக் கீழே கைபேசி எண் இருந்தால் போதும். அவர் முன்பு வாங்கியதைக் குறிப்பிடும் அந்த முதல் வரியை நோட்டீஸால் எழுத முடியாது; அட்டையின் பலம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. "வரும் ஞாயிறு" என்று எழுத வேண்டாம், ஏனெனில் அட்டை எந்த ஞாயிறுக்கு முன் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. தேதியை எழுதிப் பத்து நாள் முன்னதாகப் பெட்டியில் போடுங்கள். பெங்களூரா ரக மாம்பழத்துக்கு இந்த உழைப்பு வேண்டாம். அது கூழ் ஆலைக்குப் போகிற சரக்கு.

அரூர், உரக்கடை: கடன் பாக்கியையும் அதிலேயே நினைவூட்டலாமா?

கூடவே கூடாது. அட்டை திறந்த கடிதம். தபால்காரர் முதல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் வரை யார் கண்ணிலும் படும். விளம்பரத்துக்கு நன்மையான அதே திறந்த தன்மை, பாக்கி விஷயத்தில் ஒரு குடும்பத்தின் மானத்தை வாங்கிவிடும். அதற்கு மூடிய உறையைப் பயன்படுத்துங்கள், அல்லது நேரில் போய்க் கேளுங்கள்.

பென்னாகரம், தையல் கடை: கிராமத்து முகவரிகளுக்கு அனுப்பிய அட்டைகள் பல போய்ச் சேரவில்லையே?

ஒரே ஊரில் நான்கு முருகன்கள் இருப்பார்கள். தந்தை பெயர், தெரு, ஊர், அந்த ஊருக்கான அஞ்சலகம், வட்டம், ஆறு இலக்கப் பின்கோடு ஆகிய அனைத்தையும் எழுத வேண்டும். பென்னாகரத்தின் 636810ஐ வட்டம் முழுவதற்கும் போட்டுவிடாமல், ஒவ்வோர் ஊருக்கும் சரிபாருங்கள். துணி கொடுக்க வரும்போதே வாடிக்கையாளரின் முகவரியை ஒரு நோட்டில் எழுதி வாங்கிவிடுவது இன்னும் நல்லது.

ஓசூர், பேக்கரி: வாட்ஸ்அப் இலவசமாக இருக்கும்போது இது எதற்கு?

தொழிற்சாலை வேலைக்கு வந்து அடிக்கடி வாடகை வீடு மாறுபவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள் என்றால், உங்களுக்கு வாட்ஸ்அப்தான் சரி.

தருமபுரி, ராகி மாவுக் கடை: பலன் கிடைத்ததா என்று எப்படி அறிவது?

"இந்த அட்டையுடன் வந்தால் கால் கிலோ மாவு கூடுதல்" என்று கடைசி வரியில் எழுதி, திரும்பி வரும் அட்டைகளை ஒரு கம்பியில் குத்தி வைத்து மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். முதல் முறை 50 அட்டைக்கு மேல் எழுத வேண்டாம்.