ஜிஎம்பி இருந்தும் ‘இல்லை’ என்கிறதே! – வாசகர் கேள்வி பதில்

(கட்டளைகளையும் பேக்கேஜ் பெயர்களையும் உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவும்.)

கேள்வி: எங்கள் கல்லூரி லேபில் உபுண்டு 24.04 உள்ள கணினியில் சேஜ்மேத் (சேஜ்) என்ற கணித மென்பொருளை சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, கம்பைல் செய்கிறோம். பெரிய எண்களைக் கணக்கிடும் ஜிஎம்பி லைப்ரரி ஏற்கெனவே இருப்பதாக, உபுண்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடி காட்டுகிறது. கம்பைலுக்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டோ இல்லை என்று சொல்லி, ஜிஎம்பியோடு எம்பிஎஃப்ஆர், என்டிஎல், ஃபிளின்ட் என்று மற்ற கணித லைப்ரரிகளையும் தானே கம்பைல் செய்யக் கிளம்பிவிட்டது. லேப் பூட்டும் நேரம்வரை முடியவில்லை. எங்கே பிழை?
– கணித விரிவுரையாளர், நாகர்கோவில்

பதில்: உங்கள் கணினியில் இருப்பது லிப்ஜிஎம்பி10 என்ற பேக்கேஜ். மற்ற மென்பொருள்கள் ஓட அது போதும். கம்பைல் செய்வதற்கு, லைப்ரரியில் என்னென்ன இருக்கின்றன என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெடர் கோப்பும் வேண்டும். டெபியன், உபுண்டு இரண்டிலும் அது லிப்ஜிஎம்பி-டெவ் என்ற தனிப் பேக்கேஜில் இருக்கிறது. கான்ஃபிகர் ஏபிடியின் பட்டியலைப் பார்த்து முடிவு செய்வதில்லை. சின்னச் சின்ன சி நிரல்களைக் கம்பைல் செய்து பார்க்கிறது. ஹெடர் கிடைக்காவிட்டால் அதைப் பொறுத்தவரை லைப்ரரியே இல்லை.

மற்றவை ஏன் கூடவே வந்தன என்பதுதான் முக்கியம். எம்பிஎஃப்ஆர், என்டிஎல், ஃபிளின்ட் மூன்றும் ஜிஎம்பியின் மேல் நிற்பவை. சேஜ் ஓடும்போது இவை எல்லாம் ஒரே பைத்தான் புராசஸுக்குள் ஏறுகின்றன. சேஜ் கட்டிய ஜிஎம்பி ஒன்று, உபுண்டுவின் ஜிஎம்பி இன்னொன்று என இரண்டும் ஒரே நினைவகத்தில் கலந்தால் திடீரென்று கிராஷ் ஆகலாம். அதனால்தான் அடியில் உள்ளதைத் தானே கட்டினால் மேலே உள்ளவற்றையும் சேஜ் தானே கட்டிக்கொள்கிறது. எம்பிஎஃப்ஆருக்கான டெவ் பேக்கேஜ் உங்களிடம் சரியாக இருந்தாலும் அதைத் தொடாது. ஆகவே ‘இது ஏன் கம்பைல் ஆகிறது?’ என்று தேடும்போது அந்தப் பேக்கேஜிலேயே நிற்காமல் அடிவரை இறங்கிப் பாருங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. கான்ஃபிகர் முடியும்போது கடைசியில் ஒரு நீளமான ஏபிடி இன்ஸ்டால் வரி தரும். பெரும்பாலோர் அதைப் பார்க்காமலே, கம்பைலைத் தொடங்கும் ‘மேக்’ கட்டளையைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வரியை அப்படியே எடுத்து ஓட்டுங்கள். ஒரு பேக்கேஜுக்கு மட்டும் பெயர் தெரிய வேண்டுமானால், சேஜ் கோப்புறையில் பில்ட், அதற்குள் பிகேஜிஎஸ், அதற்குள் ஜிஎம்பி, அதற்குள் டிஸ்ட்ரோஸ் என்று போனால் டெபியன் டாட் டெக்ஸ்ட் என்ற கோப்பில் பெயர் இருக்கும்.

பிறகு கான்ஃபிகரை மறுபடி ஓட்டினால் மட்டும் போதாது. உங்கள் கணினியில் சேஜின் ஜிஎம்பி ஏற்கெனவே ‘லோக்கல்’ கோப்புறையில் ஏறியிருக்கும். ஏறிவிட்டால் அதையே தொடர்ந்து பயன்படுத்தும். முதலில், கட்டியதை எல்லாம் அழிக்கும் ‘மேக் டிஸ்ட்கிளீன்’, அதன்பின் கான்ஃபிகர். முடிவு அறிக்கையில் ஜிஎம்பிக்கு நேராக ‘சிஸ்டம் பேக்கேஜ் பயன்படுத்தப்படும்’ என்ற பொருளில் வரி வந்த பிறகே மேக் கொடுங்கள். அப்போதும் வராவிட்டால் கான்ஃபிக் டாட் லாக் கோப்பில் ஜிஎம்பி என்று தேடுங்கள். எந்தச் சோதனை எந்தப் பிழையோடு தோற்றது என்று அங்கே முழுதாக இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். யாராவது முன்பு யூஎஸ்ஆர்-லோக்கல் கோப்புறையில் கையால் ஒரு ஜிஎம்பி நிறுவியிருந்தால், ஹெடர் அங்கிருந்தும் லைப்ரரி உபுண்டுவிலிருந்தும் எடுக்கப்பட்டுப் பதிப்பு முரண்படலாம். அதை நீக்குங்கள். தனக்கென்று லைப்ரரிகளைக் கொண்டுவரும் அனகோண்டா என்ற பைத்தான் தொகுப்பு இயங்கும் டெர்மினலில் கம்பைல் செய்ய வேண்டாம். ‘கோண்டா டீஆக்டிவேட்’ கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். சில பேக்கேஜ்களில் உபுண்டுவின் பதிப்பு பழையது என்று கான்ஃபிகர் மறுக்கும். அதை நம்பி வேறெதுவும் நிற்காத பேக்கேஜ் என்றால் சேஜே கட்டிக்கொள்ளட்டும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கேள்வி: 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் ‘மேக் மைனஸ் ஜே8’ கொடுத்தேன். பாதியில் ‘கில்டு’ என்று நின்றுவிட்டது. இங்கே மழைக்காலத்தில் கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது. நின்ற இடத்திலிருந்து தொடர முடியுமா?
– எம்.எஸ்சி. மாணவி, மார்த்தாண்டம்

பதில்: நிரலில் குறை இல்லை, ராம் தீர்ந்துவிட்டது. சி பிளஸ் பிளஸ் கம்பைலர் எட்டு ஒரே நேரத்தில் ஓடினால் 8 ஜிபி தாங்காது, லினக்ஸ் கெர்னல் ஒன்றைப் பிடித்து நிறுத்திவிடும். ஒரு வேலைக்கு 2 ஜிபி என்று கணக்கு வையுங்கள். பிரவுசரும் திறந்திருக்கும் என்பதால் உங்களுக்கு ஜே2 அல்லது ஜே3 சரி. ‘எக்ஸ்போர்ட் மேக்’ வழியாக அதைச் சூழல் மாறியாக அமைத்தால் உள்ளே ஓடும் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் அதே எண்ணிக்கை போகும். வட்டில் 10 ஜிபிக்குக் குறையாமல் இடம் வேண்டும்.

தொடர முடியும். முழுதாக முடிந்த பேக்கேஜுக்கு மட்டுமே சேஜ் அடையாளக் கோப்பு வைக்கிறது. மறுபடி மேக் கொடுத்தால் முடிந்தவற்றை விட்டுவிட்டு, அறுந்துபோன பேக்கேஜை மட்டும் முதலிலிருந்து தொடங்கும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. கரண்டோடு நெட்டும் போகும். அதனால் நெட் நன்றாக இருக்கும்போதே ‘மேக் டவுன்லோட்’ கொடுத்து, சோர்ஸ் கோப்புகளை ‘அப்ஸ்ட்ரீம்’ கோப்புறையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் அறுந்த கோப்பு, கோப்பு சரியாக இறங்கியதா என்று பார்க்கும் செக்சம் சோதனையில் மாட்டிக்கொள்ளும், பயமில்லை. பிழை வந்தால் திரையின் கடைசி வரியை நம்பாதீர்கள். லாக்ஸ் கோப்புறைக்குள் பிகேஜிஎஸ் என்ற இடத்தில் பேக்கேஜ் வாரியாக லாக் இருக்கும், முதல் பிழையை அங்கே தேடுங்கள்.

பாடத்துக்குப் பயன்படுத்த மட்டும்தான் என்றால், கோண்டா-ஃபோர்ஜ் என்ற இணையப் பேக்கேஜ் களஞ்சியத்தில் சேஜ் கம்பைல் செய்த நிலையிலேயே கிடைக்கிறது. சேஜின் நிரலைத் திருத்தப் போகிறவர்கள் சோர்ஸிலிருந்து கட்டட்டும்.

கேள்வி: நன்றாக ஓடிய சேஜ், உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாறியதும் திறக்கவே மாட்டேன் என்கிறது. ‘ஷேர்டு ஆப்ஜெக்ட் கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்று வருகிறது.
– ஆராய்ச்சி மாணவர், தக்கலை

பதில்: சிஸ்டம் லைப்ரரிகளைப் பயன்படுத்துவதற்கு இது ஒரு விலை. உங்கள் சேஜ், பழைய லைப்ரரியின் கோப்புப் பெயரில் உள்ள எண்ணோடு கட்டப்பட்டது. அப்கிரேடில் அந்த எண் மாறிவிட்டது. பைத்தானும் 3.10-இலிருந்து 3.12-க்குப் போய்விட்டதால், பழைய பைத்தானை நம்பி நிற்கும் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டும் (சேஜுக்கான தனிப் பைத்தான் கோப்புறை) பயன்படாது. கோப்புக்குக் கோப்பு லிங்க் போட்டு ஒட்டவைக்க வேண்டாம்; திறந்தாலும் உள்ளே தவறாக ஓடும். டெவ் பேக்கேஜ்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, டிஸ்ட்கிளீன், கான்ஃபிகர், மேக் என்று புதிதாகக் கட்டுங்கள். வாராவாரம் வரும் பாதுகாப்பு அப்டேட்டுகளில் அந்த எண் பொதுவாக மாறாது; அதற்காக மறுபடி கட்டத் தேவையில்லை.

கேள்வி: விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக சேஜைக் கம்பைல் செய்கிறேன். சோர்ஸை சி டிரைவில் ‘மை புராஜெக்ட்’ என்ற கோப்புறையில் வைத்தேன். ஓடவில்லை.
– வாசகர், குளச்சல்

பதில்: பாதையில் இடைவெளி இருந்தால் சேஜைக் கட்ட முடியாது. சி டிரைவும் வேண்டாம். அங்கே ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிப்பது மிக மெதுவாக நடக்கும், கோப்பு அனுமதிகளிலும் சிக்கல் வரும். லினக்ஸின் ஹோம் கோப்புறைக்குள் இடைவெளியில்லாத பெயரில் புதிதாக ‘கிட் குளோன்’ செய்யுங்கள். விண்டோஸிலிருந்து நகலெடுத்தால் வரி முடிவுக் குறிகள் மாறி ஸ்கிரிப்டுகள் கெடலாம்.