மலையகத்தில் யாரும் துருவிக் கேட்காத, ஆற அமர வாழக்கூடிய ஊர் எது?

கேள்வியின் சாரம் இதுதான்: கொழும்பில் வேலை பார்க்கும் இரண்டு தோழிகள், முப்பதுகளின் நடுவில் இருப்பவர்கள், வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப விருப்பமில்லை. குளிரான, கட்டுப்பெட்டித்தனம் இல்லாத, நிதானமான ஓர் ஊர் மலையகத்தில் வேண்டும்.

பண்டாரவளை. அது அமையாவிட்டால் ஹப்புத்தளை. எல்ல வேண்டாம், நுவரெலியா வேண்டவே வேண்டாம். அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லவைத்தான் எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். ஒன்பது வளைவுப் பாலம், காப்பிக் கடைகள், இரவு பதினொரு மணிக்கும் பாட்டுச் சத்தம். ஆனால் அங்கே இருக்கும் சுதந்திரம் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறவர்களுக்கானது. அரைக் காற்சட்டை போட்ட வெள்ளைக்காரப் பெண்ணை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே கடையில், அதே மேசையில் நாம் உட்கார்ந்தால், பரிமாற வரும் தம்பி முதலில் எந்த ஊர் என்று கேட்பான், அடுத்து கணவர் வரவில்லையா என்று கேட்பான். அவன் மீது குற்றமில்லை, வெளிநாட்டவருக்கு ஒரு சட்டம், உள்ளூர்ப் பெண்ணுக்கு ஒரு சட்டம் என்றுதான் அவனும் வளர்ந்திருக்கிறான். தவிர, அங்கே மாத வாடகைக்கு வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஓர் இரவுக்கு இவ்வளவு என்று டொலரில் கணக்குப் பார்க்கப் பழகிய வீட்டுக்காரர் உங்களுக்கு எதற்காக மாதக் கணக்கில் தரப் போகிறார்?

நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் வசந்த காலத்தில் பாதிக் கொழும்பு அங்கே வந்து இறங்கும். மற்ற மாதங்களில் துணி காயாது. எதிலிருந்து தப்பி வருகிறீர்களோ அது பின்னாலேயே வந்துவிடும் ஊர் அது. கண்டியை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. கொழும்பை விட்டுக் கண்டிக்குப் போவது, பஸ் நெரிசலுக்குப் பயந்து ரயிலில் ஏறி மிதிபடுவது போல.

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நான் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். கடைப் பலகையிலிருந்து கோயில் ஒலிபெருக்கி வரை எல்லாம் தமிழில் இருக்கும் அந்த ஊர்கள் மீது எனக்குக் கொள்ளைப் பிரியம். குடியிருக்க மட்டும் போக மாட்டேன். அங்கே முதல் கேள்வி, "எந்தத் தோட்டம்?" இரண்டாவது, "எந்த லயம்?", அதாவது தொழிலாளர் குடியிருக்கும் எந்த வரிசை வீடு. மூன்றாவது, "யாருடைய மகள்?" இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டால், சாதி என்ற பேச்சை எடுக்காமலே உங்கள் சாதி, அப்பாவின் குடி, அக்காவின் கல்யாணம் எல்லாம் எதிராளியின் கைக்குப் போய்விடும். விவாகரத்துக்குப் பிறகு ஹட்டனில் நான் இருந்த காலத்தில், டிக்கெட் கிழித்துக் கொடுத்த கொண்டக்டர் அண்ணன்கூட, "தங்கச்சி, கோபத்தைக் குறைத்துக்கொண்டு அவரோடு ஒரு தடவை பேசிப் பாருங்கள்" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர்களான உங்களிடம் கேள்விகள் வேறு மாதிரி வரும், வந்து சேரும் இடம் அதேதான். மழையும் சாமானியமானதல்ல. தென்மேற்குப் பருவத்தில் வட்டவளைப் பக்கம் பெய்யும் மழையை ஒரு வருடம் அனுபவித்தவர்கள் குடையை விட்டுவிட்டு ஊரையே மாற்றிக்கொள்வார்கள்.

இனிப் பண்டாரவளை. 1,200 மீற்றருக்குச் சற்று மேல், இரவில் கம்பளி வேண்டும், பகலில் வேண்டாம். ஆண்டின் நடுவில் ஹட்டன் நனைந்துகொண்டிருக்கும்போது இங்கே காய்ந்த காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு வாசம் தருவது அந்தக் காற்றுதான். ஆனால் நான் இந்த ஊரைச் சொல்வதற்குக் காரணம் காலநிலை இல்லை. இங்கே சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூவரும் இருக்கிறார்கள், ஊர் எங்களுடையது என்று மார்தட்டும் அளவுக்கு ஒருவர் கையும் ஓங்கவில்லை. ரயில் 1890களிலேயே வந்துவிட்டது. நடு ஊரில் இருக்கும் பழைய ஹோட்டல் 1893இல் தொடங்கியது. தோட்டத் துரைமார், இடமாற்றத்தில் வந்த ஆசிரியர்கள், பக்கத்துத் தியத்தலாவை இராணுவ முகாமில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள், விடுதிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று வந்துபோகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்ட ஊர். அந்த அலுப்புத்தான் உங்களுக்கு வேண்டியது. பரந்த மனது எல்லாம் எங்கும் தேடிக் கிடைப்பதில்லை, அடுத்தவர் கதையில் சுவாரசியம் குறைந்த ஊர் கிடைத்தால் அதுவே பெரிது.

நான் இப்போது இருப்பது இங்கேதான். என் வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற சிங்கள ஆசிரியை. மேல் மாடியில் அவர், கீழே அனெக்ஸில் நான். வீடு பார்க்கப் போன அன்று, "தனியாகவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்தது என்ன வருமோ என்று பதில்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் சமையலறைக்குள் போய் தண்ணீர்க் குழாயைத் திறந்து காட்டினார். "காலை ஒன்பதுக்குப் பிறகு தண்ணீர் மெல்லியதாகத்தான் வரும், மகள். வாளியில் பிடித்து வைத்துக்கொள். மழைக்குக் கரண்ட் போகும், மெழுகுவர்த்தி வாங்கிக்கொள்." அவ்வளவுதான். என் தாலி எங்கே என்ற கேள்வி இன்றுவரை வரவில்லை. நாய்க்கு நான் பாண் போடுவது பற்றி மட்டும் அவருக்குக் குறை இருக்கிறது, அது கொழுத்துவிட்டதாம்.

ஆற அமர வாழ்வது என்றால் என்ன என்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தெரியும். வெலிமடைக் கரட்டும் லீக்ஸும் குவிந்து கிடக்கும். தோட்டத்து அக்காமார் பிள்ளைகளோடு வந்து, முதலில் பிளேன் டீ குடித்து, பிறகுதான் விலை கேட்பார்கள். ஒரே பேரத்துக்குள் தமிழும் சிங்களமும் மாறி மாறி ஓடும், யார் எந்த மொழிக்காரர் என்று கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: இந்த நிதானம் டவுனுக்கு மட்டும்தான். அதே அக்காமார் மறுநாள் விடிந்ததும், தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும்.

இருவரும் சேர்ந்து இருப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆணும் பெண்ணுமாக வீடு தேடினால் கல்யாணப் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். இரண்டு பெண்கள் என்றால் "நல்லது, துணைக்குத் துணை" என்று சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, நீங்களும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள். ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் தண்டனைச் சட்டக் கோவையில் இருக்கின்றன. அவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் சொன்னது. பாராளுமன்றம்தான் அந்த வழியில் நடக்கவில்லை. பெண்கள் கடையில் மது வாங்குவதற்கு இருந்த தடையை 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் நீக்க, சில நாட்களிலேயே ஜனாதிபதி அதைத் திருப்பிப் போடச் சொன்ன நாடு இது. இங்கேதான் கட்டுப்பெட்டித்தனம் இல்லாத ஊரைத் தேடுகிறோம்.

இரவு ஏழு மணிக்குப் பிறகு கடைவீதி ஆண்களுடையது. சம்பள நாட்களில் மதுக்கடைப் பக்கத் தெருவைத் தவிர்த்துவிடுங்கள். நம்பகமான ஓர் ஆட்டோக்காரரின் எண்ணைக் கையில் வைத்திருப்பது நல்லது.

ஊரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லி உங்களை அழைப்பது சரியில்லை. 2000 அக்டோபரில், பண்டாரவளைக்குப் பக்கத்தில் உள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கூட்டம் புகுந்து, அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பொலிஸ் காவல் இருந்த இடம் அது. இன்று அந்தச் சாலையில் சாதாரணமாகப் போகிறோம், வருகிறோம், கீரை வாங்குகிறோம். ஆனால் எங்கள் வயதுக்கு மேற்பட்ட தமிழர் யாரும் அதை மறந்துவிடவில்லை, நீங்களும் தெரியாமல் வரக் கூடாது.

கடைசியாக மண். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்கள் புதைந்து போனார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன, ரயில் பாதை பல இடங்களில் அறுந்து தொங்கியது. பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிற வீடு என்று தரகர் பெருமையாகச் சொன்னால், அது சரிவில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண் சுவர் இருக்கிறதா, அதில் புது வெடிப்பு தெரிகிறதா, மழை நின்ற பிறகும் கலங்கல் நீர் கசிகிறதா, மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா என்று நீங்களே சுற்றிப் பாருங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களும் மழைக்கால எச்சரிக்கைகளும் வெளியிடுகிறது. சிவப்பு என்று வந்தால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும், வீட்டுக்காரரின் தைரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

வாடகையை நேரில் பேசுங்கள். சில மாத முற்பணம் கேட்பார்கள், ரசீது வாங்குங்கள். கிராம உத்தியோகத்தரிடம் போய்ப் பதிந்துவிடுங்கள், வதிவிடச் சான்றிதழ் கேட்கும் இடங்கள் நிறைய. ஏப்ரலில் வந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்த மாதத்தில் மலையகம் முழுவதுமே அழகாகத்தான் இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் போடாமல், ஐப்பசி, கார்த்திகை மழையை ஒருமுறை உள்ளே இருந்து பார்த்துவிட்டு நீட்டிக்கொள்ளுங்கள்.