ஓவியம் கைவரும், செட் கைவருமா?

கேள்வி: நெடுநாளாகப் பத்திரிகைக் கதைகளுக்கும் காமிக்ஸுக்கும் படம் வரைகிறேன். ஓவியக் கல்லூரியிலோ கட்டடக்கலையிலோ படித்ததில்லை. இனிமேல் சினிமாவின் கலைத்துறைக்குள் நுழைய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தாராளமாக முடியும். ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) உலகத்தை முதலில் வரைந்து காட்டிய ரால்ஃப் மெக்குவாரி, அதற்குமுன் போயிங் விமான நிறுவனத்தில் தொழில்நுட்பப் படங்கள் வரைந்தவர். ‘பிளேடு ரன்னர்’ (1982) படத்துக்கு வாகனங்களையும் தெருக்களையும் வரைந்த சிட் மீட், ஃபோர்டு கார் வடிவமைப்புப் பிரிவிலிருந்து வந்தவர். ஒரு பொருள் எப்படிச் செய்யப்படுகிறது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. நீங்கள் கற்க வேண்டியதும் அதுதான். காமிக்ஸ் கட்டத்தில் வரும் சுவர் எத்தனை அடி உயரம் என்று யாரும் கேட்பதில்லை. செட்டில் தச்சர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

ஆகவே முதலில் டேப்பை எடுங்கள். ஏதாவது ஓர் அறையை அளந்து, 1:50 அளவில் தரைப் பிளானும் 1:25 அளவில் நான்கு சுவர்களின் எலிவேஷனும் (சுவரை நேர் எதிரில் நின்று பார்த்தபடி அளவோடு வரையும் படம்) போடுங்கள். பிறகு அதையே அட்டையில் மாடலாக ஒட்டுங்கள். புதியவர்கள் கோட்டை விடுவது சுவரின் கனத்தில். செட் சுவர் வெறும் பிளைவுட். கதவு, ஜன்னல் திறப்புகளில் உள்பக்கமாகப் பலகை அடித்து 9 அங்குலக் கனம் காட்டாவிட்டால், அது அட்டைச் சுவர் என்பது முதல் ஷாட்டிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது லென்ஸ். சினிமாவில் பரவலாகப் பயன்படும் சூப்பர் 35 வகைக் கேமராவில், படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரின் அகலம் ஏறக்குறைய 25 மி.மீ. கேமராவுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை 25-ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால், ஷாட்டில் அடங்கும் அகலம் வந்துவிடும். 20 அடி தூரம், 50 மி.மீ. லென்ஸ் என்றால் 10 அடி அகலம். 2.39:1 அகலத்திரைக்கு (உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலம்) உயரம் 4 அடி 2 அங்குலம்தான். 12 அடிச் சுவரின் உச்சியில் நீங்கள் இழைத்து இழைத்துப் போட்ட பூவேலை அந்த ஷாட்டில் எட்டிக்கூடப் பார்க்காது. ஓவியத்தில் அசத்தும் செட் படத்தில் காணாமல் போவது இப்படித்தான். கேமரா எங்கே நிற்கும் என்று முடிவு செய்துகொண்டு, அந்த உயரத்திலிருந்து வரையுங்கள்.

வாய்ப்புக் கேட்டுப் போகும்போது பக்கம் பக்கமாக ஓவியங்களைக் கொண்டுபோக வேண்டாம். ஒரே ஒரு சீனை எடுத்து ரஃப், பிளான், மாடல் புகைப்படம், வண்ண ஓவியம் என்று முழுதாகச் செய்து காட்டுங்கள். தச்சரிடம் எதைக் கொடுப்பீர்கள் என்பதைத்தான் கலை இயக்குநர் அதில் தேடுவார்.

உங்களுக்கு நேரான வாசல் ஸ்டோரிபோர்டு, அதாவது ஷாட்களைக் காமிக்ஸ் போலக் கட்டம் கட்டமாக வரைந்து காட்டும் வேலை. இன்னொன்று, படத்துக்குள் வரும் கடிதம், செய்தித்தாள், லேபிள், பெயர்ப்பலகை தயாரிக்கும் வேலை. இதில் கவனம் வேண்டும்: கிழிக்கப்படும் கடிதமென்றால் டேக்குக்கு ஒரு பிரதி தேவை. பத்துப் பன்னிரண்டாவது செய்து வையுங்கள். மடிப்பும் கறையும் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: புது செட் சுவரைப் பழசாகக் காட்ட, பழுப்பு பெயின்ட்டைத் தெளித்தால் போதாதா?

பதில்: போதாது. ஒரே சீராக விழுந்த அழுக்கு பொய்யாகத்தான் தெரியும். ஒவ்வொரு கறைக்கும் காரணம் இருக்க வேண்டும்: சுவிட்சைச் சுற்றிக் கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கு, தரையிலிருந்து ஓர் அடி வரை தண்ணீர் தெறித்த தடம், ஜன்னலின் கீழ்மூலையிலிருந்து மழைநீர் வழிந்த கோடு, நாற்காலி முதுகு உரசிய தேய்மானம். பளபளப்பில்லாத பெயின்ட் ஒரு பங்கு, தண்ணீர் சுமார் எட்டுப் பங்கு கலந்து மெல்லிய பூச்சாகக் கொடுங்கள்; காய்வதற்குள் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். மூன்று நான்கு முறை ஏற்றினால் ஆழம் வரும். மஞ்சள் சாயலுள்ள 3200 கெல்வின் விளக்கில் சுவர் ஒரு நிறமாகத் தெரியும், பகல் வெளிச்சம் போன்ற 5600-ல் இன்னொன்றாக. ஓர் அடிப் பலகையில் மாதிரி பூசி, படப்பிடிப்பு விளக்கில் கேமரா வழியே பார்த்த பிறகே சுவரில் கை வையுங்கள்.