ஆணி அடிக்கக் கூடாத வாடகை வீடு, 8க்கு 6 அடி சமையலறை: நான்கு பேருக்கான பொருள்களை எங்கே வைப்பது?

சென்னையில் வாடகை வீடு, 8க்கு 6 அடி சமையலறை, மேடைக்குக் கீழே கடப்பாக்கல் தட்டு, மேலே ஒரு பரண், சுவரில் துளை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், என்ன வாங்கினால் இடம் கூடும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் எதுவும் வாங்க வேண்டாம். டேப்பை எடுத்து இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கீழ்த்தட்டுகளுக்கு நடுவே உள்ள உயரம். இன்னொன்று, அந்தத் தட்டின் ஆழம்.

பெரும்பாலான வீடுகளில் மேடை 32 முதல் 34 அங்குல உயரமும் 2 அடி ஆழமும் இருக்கும். அடியில் நடுவே ஒரு கடப்பாக்கல். கல்லின் கனம் போக மேலும் கீழும் 14, 15 அங்குலம் கிடைக்கும். அதில் நாம் வைக்கும் ஒரு கிலோ பருப்பு டப்பாவோ 6 அங்குல உயரம்தான். அதற்கு மேலே உள்ளது முழுக்கச் சும்மா கிடக்கிற இடம். ஆழத்தில் வேறு தொல்லை. கை தாராளமாக எட்டுவது முன்னால் இருக்கும் ஓரடிக்குத்தான். பின்னால் இருப்பதை எடுக்க மண்டியிட்டு, முன்வரிசையை வெளியே இறக்க வேண்டும். அதனால்தான் காலாவதியான சேமியா பாக்கெட்டும் யாரும் தேடாத சல்லடையும் பின்வரிசைக்குப் போய்ச் சேர்கின்றன. உங்களுக்கு வேண்டிய இடம் தட்டின் மேல்பாதியிலும் பின்பாதியிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதை எட்டும்படி செய்வதுதான் வேலை.

மேல்தட்டின் பின்பாதியில் ஒரு குட்டிப் பெஞ்சு போடுங்கள். 10 அங்குல ஆழம், மேற்பலகை தவிர 7 அங்குல உயரம், நீளம் உங்கள் தட்டுக்கு ஏற்றபடி 2 அல்லது இரண்டரை அடி. தண்ணீர் தாங்கும் 18 மி.மீ. பிளைவுட்டில் மேற்பலகை ஒன்று, கால் பலகை இரண்டு என்று மரக்கடையிலேயே அறுத்து வாங்கிக்கொள்ளலாம். 12 மி.மீ. பலகை விலை குறைவுதான், ஆனால் 2 அடிக்கு மேல் போனால் பருப்பு, சர்க்கரைக் கனத்தில் நடுவில் தொய்யும். இரண்டரை அடி நீளமென்றால் 18 மி.மீ. பலகைக்கும் நடுவில் ஒரு கால் கொடுப்பது நல்லது. திருகு போடுமுன் மெல்லிய துளை போட வேண்டும், இல்லாவிட்டால் பலகையின் ஓரம் பிளந்துகொள்ளும். அறுத்த ஓரங்களுக்கு வார்னிஷோ எனாமல் பெயின்டோ இரண்டு கோட்டிங் கொடுங்கள். பிளைவுட் தண்ணீரைக் குடிப்பது அந்த ஓரங்கள் வழியாகத்தான்.

15 அங்குல உயரத்தில் 7 அங்குலப் பெஞ்சும் முக்கால் அங்குலப் பலகையும் போக மேலே 7 அங்குலம் மிஞ்சும். 6 அங்குல டப்பா அதில் நின்று, எடுக்க விரலும் நுழையும். பின்வரிசை முன்வரிசைக்கு மேலே தலை தூக்கி நிற்பதால் எல்லா டப்பாவும் ஒரே பார்வையில் தெரியும். பெஞ்சுக்கு அடியில், இன்னும் பிரிக்காத பாக்கெட்டுகளை வையுங்கள். பெஞ்சு சுவரில் ஒட்டுவதில்லை என்பதால் வீடு மாறும்போது கூடவே வந்துவிடும்.

கீழ்த்தட்டுக்குப் பெஞ்சு சரிப்படாது, குனிந்து பார்க்க முடியாது. அங்கே இழுப்பறை போல இழுக்கிற நீளமான பிளாஸ்டிக் டிரேக்கள் வேண்டும். 20 அங்குல நீளம், 11 அங்குல அகலம், முன்னால் கைப்பிடித் துளை. 3 அடி அகலமுள்ள தட்டில் மூன்று டிரே நிற்கும். முழு அகலத்தையும் அடைத்துவிடாமல் டிரேக்களுக்கு நடுவே அரை அங்குலமாவது விடுங்கள், இல்லையென்றால் ஒன்றை இழுக்கும்போது மற்றதும் கூட வரும். டிரேயில் 6 கிலோவுக்கு மேல் ஏற்றினால் அடி வளையும், இழுக்கவும் கை வலிக்கும். கடப்பாக்கல் சொரசொரப்பாக இருந்தால் அடியில் பிவிசி விரிப்பு ஒன்றை வெட்டிப் போடுங்கள்.

டிரேயில் பொருள்களை வகைப்படி அடுக்குவதைவிட வேலைப்படி அடுக்குவது சிறந்தது. ரவை, சேமியா, அவல், கோதுமை மாவு ஒரு டிபன் டிரே. புளி, சாம்பார்ப் பொடி, வற்றல் மிளகாய், வடகம் ஒரு குழம்பு டிரே. காலையில் உப்புமா என்றால் ஒரு டிரேயை இழுத்தால் முடிந்தது. தாளிக்கிற சாமான்களுக்கு அஞ்சறைப்பெட்டியை மிஞ்சிய ஏற்பாடு இன்றுவரை இல்லை. ஏழு கிண்ணத்துக்கு ஒரு மூடி, ஒரு சாண் இடம்.

டப்பா வாங்கும்போது நடக்கும் பெரிய தவறு, பாக்கெட் அளவைப் பார்க்காமல் வாங்குவது. ஒரு கிலோ துவரம்பருப்புக்குச் சுமார் 1.25 லிட்டர் இடம் வேண்டும், சர்க்கரைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ரவைக்கு ஒன்றரை லிட்டர். கோதுமை மாவு கிலோவுக்கு 2 லிட்டரை நெருங்கும். அவல் அரைக் கிலோவே ஒன்றரை லிட்டர் பிடிக்கும். கிலோ பருப்பை ஒரு லிட்டர் டப்பாவில் கொட்டினால் ஐந்தில் ஒரு பங்கு பாக்கெட்டிலேயே நிற்கும். ரப்பர் பேண்ட் போட்ட அந்த மிச்ச பாக்கெட்டுகள்தான் சமையலறையை அலங்கோலமாக்குகின்றன. பாக்கெட் முழுவதும் ஒரே தடவையில் கொள்ளும் டப்பாதான் சரியான டப்பா.

சதுர டப்பாவா, உருண்டை டப்பாவா என்றால் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஒரு சதுரத்துக்குள் பொருந்தும் வட்டம் அதில் 78.5 சதவீதத்தைத்தான் நிரப்பும், மீதி மூலைகளில் போய்விடும். ஐந்து உருண்டை டப்பாவுக்கு ஒரு டப்பா இடம் வீண். அதற்காகச் சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் சம்படங்களைத் தூக்கிப் போட வேண்டாம். அவை ஒன்றுக்குள் ஒன்று அடங்குபவை, பலகாரம் செய்யும் காலத்துக்குப் பரணில் இருக்கட்டும். தினப் பொருளுக்கு மட்டும் ஒரே அளவில் பத்துப் பன்னிரண்டு சதுர டப்பாக்கள் போதும். உப்பை மட்டும் பீங்கான் ஜாடியிலோ கண்ணாடிப் பாட்டிலிலோ வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உப்பு நீர்விட்டு உலோக மூடியை அரித்துவிடும்.

பழைய பருப்பு இருக்கும்போது அதன் மேலேயே புதியதைக் கொட்டாதீர்கள். அடியில் வண்டு இருந்தால் புதியதற்கும் பரவும். பழையதைக் கிண்ணத்தில் எடுத்து, வண்டு இல்லை என்று பார்த்து, டப்பாவைக் கழுவிக் காயவைத்து, புதியதைக் கொட்டி, பழையதை மேலே போடுங்கள்.

அரிசி மூட்டைக்குச் சமையலறையில் இடம் தேட வேண்டியதில்லை. 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தபிறகு பல ஆலைகள் 26 கிலோ சிப்பமாகக் கட்டுகின்றன. அது கொள்ள 35 லிட்டர் டிரம் வேண்டும், 30 லிட்டர் போதாது. டிரம்மைக் கூடத்து மூலையில் வைத்துவிட்டுச் சமையலறையில் 5 கிலோவுக்கு ஒரு 7 லிட்டர் டப்பா மட்டும் வையுங்கள். சாக்காகவே வைப்பதானால் தரையில் படாமல் பலகை மேல் வைக்க வேண்டும், தரையின் ஈரம் அடியரிசியைக் கெடுக்கும். ஃபிரிட்ஜும் கூடத்துக்கே போகட்டும். இந்த அளவுச் சமையலறையில் அது நிற்கிற இடத்தோடு கதவு திறக்கிற இடத்தையும் சேர்த்துத் தின்கிறது.

இனி கேஸ். இந்த இடத்தில் மட்டும் இட மிச்சம் பார்க்காதீர்கள். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு, உருளையோடு சேர்த்துச் சுமார் 30 கிலோ. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டர் இருக்கும் ஒன்றரை அடியை அதற்கே விட்டுவிடுங்கள். அதன் மேல் கூடை வைப்பது, பக்கத்தில் பழைய பேப்பரைத் திணிப்பது, காற்றுத் துவாரம் இல்லாத கதவு போட்டு மூடுவது மூன்றும் கூடாது. பெஞ்சோ டிரேயோ ரப்பர் குழாயை நசுக்கவில்லை என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். குழாயின் ஆயுள் 5 வருடம், தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும். மாற்று சிலிண்டர் மூடி போட்டபடி, நிமிர்த்தி, காற்றோட்டமுள்ள இடத்தில் இருக்க வேண்டும். கசிவு என்றால் அழைக்க வேண்டிய 1906 என்ற எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

அடுப்புக்குப் பின்சுவரில் எதையும் தொங்கவிடாதீர்கள். கரண்டி வரிசை அங்கே அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் எரிகிற தீயின் மேலே கையை நீட்ட வேண்டும். புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் பற்றுவது இப்படித்தான். கரண்டிகள் அடுப்பின் பக்கவாட்டில், ஓரடி தள்ளி, கனமான எவர்சில்வர் தூக்கில் நிற்கட்டும். பொடி டப்பாக்களையும் அடுப்புக்கு மேலே வைக்க வேண்டாம், சூட்டில் வாசனை போய்விடும்.

20 லிட்டர் தண்ணீர் கேன் மேடையில் ஓரடிக்கு ஓரடியை அடைத்துக்கொள்கிறது. கேன் வாயில் மாட்டும் சார்ஜ் பம்ப்போ கையால் அமுக்கும் பம்ப்போ போட்டால் அது தரையிலேயே இருக்கலாம், 20 கிலோவை இடுப்பு உயரத்துக்குத் தூக்கும் வேலையும் மிச்சம். கிரைண்டர் வாரம் ஒரு தடவைதான் ஓடும், ஆகவே சக்கரப் பலகையில் மேடைக்கு அடியில் தள்ளிவிடுங்கள். நான்கு சக்கரத்தில் இரண்டுக்காவது பிரேக் வேண்டும், இல்லையென்றால் ஓடும்போது அதிர்ந்து நகரும். மிக்ஸி மட்டும் மேடையில் பிளக் பாயின்ட் அருகிலேயே இருக்கட்டும். தினமும் எடுக்கிற பொருளை ஒளித்து வைத்தால் இரண்டே நாளில் அது மறுபடி மேடைக்கு வந்துவிடும்.

துளை போடாமல் புதிய சுவர்ப் பரப்பு வேண்டுமென்றால் மளிகைக் கடைகளில் பார்க்கிற ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்கை நம்பலாம். ஓரடி ஆழம், 3 அடி அகலம், 6 அடி உயரம், ஐந்து தட்டு. 6 அடி அகல அறையில் மேடை 2 அடி, ரேக் ஓரடி போக நடக்க 3 அடி மிஞ்சும், இருவர் விலகிப் போகலாம். 15 அங்குல ஆழத்தில் வாங்கினால் நெருக்கும். மூலைக்கு மூலை கார்னர் பிளேட் போடச் சொல்லுங்கள், அது இல்லாத ரேக் ஆடும். காலுக்கு பிளாஸ்டிக் புஷ் இல்லையென்றால் டைல்ஸில் துருக்கறை படியும். கனமான குக்கர், இரும்புச் சட்டி கீழ்த்தட்டில், டம்ளர், தட்டு இடுப்பு உயரத்தில், இலேசானவை மேலே. குழந்தைகள் ஏறினால் கவிழாதபடி ரேக்கின் மேல்பகுதியை ஜன்னல் கம்பியோடு கட்டுக்கம்பியால் கட்டிவிடுங்கள்.

சிங்குக்கு மேலே கால் ஊன்றி நிற்கும் பாத்திர ஸ்டாண்டும் நல்ல பொருள்தான். கழுவிய பாத்திரக் கூடை மேடையில் அடைக்கும் ஒன்றரை அடியை அது மீட்டுத் தரும். வாங்குமுன் குழாயின் உயரத்தையும் ஜன்னல் கதவு திறக்கும் பக்கத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரும்பில் குரோம் பூசியது சென்னைக் கடற்காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும், 304 தர எவர்சில்வர் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்லது என்று கடையில் சொல்வார்கள், ஆனால் மட்டமான 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. சிங்குக்கு அடியில் சாப்பாட்டுப் பொருள் எதுவும் வேண்டாம்.

பரணில் அட்டைப்பெட்டி வைக்கவே வைக்காதீர்கள், கரப்பான் முட்டையிட அதைவிட வசதியான இடம் இல்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் பண்டிகைப் பாத்திரங்களைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்து, உள்ளே இருப்பதை முன்பக்கம் எழுதி ஒட்டுங்கள். தனி ஆளாக ஏணியில் நின்று ஒரு கையால் இறக்க முடியாத எதுவும் அங்கே போகக் கூடாது.

கடைசியாக ஒட்டும் கொக்கிகள். அட்டையில் 10 கிலோ என்று போட்டிருந்தாலும் இரண்டரைக்கு மேல் நம்ப வேண்டாம். அவை விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் டைல்ஸ் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் எண்ணெய். பாத்திர சோப்பால் தேய்த்துக் கழுவி, துடைத்து, பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு மறுபடி துடையுங்கள். காய்ந்ததும் ஒட்டி ஒரு நிமிடம் அழுத்துங்கள். 24 மணி நேரம் எதையும் மாட்டக் கூடாது. பெயின்ட் அடித்த சுவரில் ஒட்டினால் கொக்கி விழும்போது பெயின்டும் பெயர்ந்து வரும். வடிகட்டி, பூரிக்கரண்டி, முறம் மாட்டலாம், இரும்பு தோசைக்கல் மாட்டக் கூடாது.

காலி செய்யும்போது கொக்கியைப் பிடித்து இழுக்காதீர்கள். ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடு காட்டி, தூண்டில் நரம்பைக் கொக்கிக்குப் பின்னால் விட்டு ரம்பம் போல இழுத்தால் கழன்றுவிடும். மிஞ்சிய பசை மேல் தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு சோப்பால் கழுவுங்கள். கத்தியால் சுரண்டினால் டைல்ஸில் கோடு விழும், அட்வான்ஸில் கழிக்க அந்தக் கோடு ஒரு காரணமாகிவிடும்.