குளத்துக் குறிப்புகளுக்கு கிட் எதற்கு?

கேள்வி: எங்கள் மாவட்டத்துக் குளங்களைப் பற்றி நானும் அண்ணனும் தகவல் சேர்க்கிறோம். நான் தக்கலையில், அவர் நாகர்கோவிலில். வேர்ட் கோப்பை வாட்ஸ்அப்பில் மாறி மாறி அனுப்பியதில் ‘இறுதி’, ‘இறுதி2’, ‘புது இறுதி’ என்று கிடக்கிறது. கிட், மார்க்டவுன் படிக்கச் சொல்கிறார்கள். நான் புரோகிராமர் இல்லை. எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் ஒன்று. இருவர் சேர்ந்து எழுதுவது ஒரே ஒரு கட்டுரை என்றால் கூகுள் டாக்ஸ் போதும். பழைய வடிவங்களை அதுவே வைத்திருக்கும். உங்களுடையது நூற்றுக்கணக்கான குளங்களுக்கு வளரக்கூடிய வேலை. அதனால் கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் மென்பொருளான கிட் பொருந்தும். ஆனால் கிட்டில் தொடங்காதீர்கள், மார்க்டவுனில் தொடங்குங்கள்.

காரணம் உண்டு. வேர்ட் கோப்பு உள்ளுக்குள் ஜிப் செய்த பொட்டலம். அதில் எந்த வரி மாறியது என்று கிட்டால் காட்ட முடியாது, ‘மாறியிருக்கிறது’ என்று மட்டும் சொல்லும். மார்க்டவுன் வெறும் எழுத்துக் கோப்பு. தலைப்புக்கு முன்னால் #, உபதலைப்புக்கு ##, பட்டியலுக்கு ஒரு சிறு கோடு, பத்திகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி. ஒரு சாயங்காலத்தில் பிடிபட்டுவிடும்.

தமிழில் எழுதுபவருக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்று: வேற்றுமை உருபு. _மடை_யை என்று அடிக்கோடு போட்டால் பெரும்பாலும் சாய்வெழுத்து வராது, அடிக்கோடு அப்படியே நிற்கும். *மடை*யை என்று நட்சத்திரம் போட்டால் வரும். நட்சத்திரத்தையே பழக்கிக்கொள்ளுங்கள். பழைய குறிப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

இன்னொரு பழக்கம், இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்: ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி. கிட் வரி வரியாக ஒப்பிடுகிறது. பத்தி முழுவதையும் ஒரே நீள வரியாக எழுதினால், ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் பத்தியே மாறியதாகக் காட்டும். வரி உடைத்து எழுதினாலும் மார்க்டவுன் அவற்றைச் சேர்த்து ஒரே பத்தியாகத்தான் காட்டும், கவலை வேண்டாம்.

அப்புறம் கிட். லினக்ஸ் நிரலாளர்களுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது. கட்டளை தட்டும் கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்படுபவர்கள், பொத்தான்களை அழுத்தியே கிட்டை இயக்க உதவும் கிட்ஹப் டெஸ்க்டாப்பை நிறுவிக்கொள்ளலாம், இலவசம்தான். தாலுகாவுக்கு ஒரு ஃபோல்டர், குளத்துக்கு ஒரு கோப்பு. ஒரு வேலை முடிந்ததும் கமிட் செய்து (அதாவது, அப்போதைய நிலையைக் கிட்டில் பதிவுசெய்து), என்ன செய்தீர்கள் என்று தமிழிலேயே எழுதுங்கள். ‘அப்டேட்’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘தேரூர்: ராம்சர் (சர்வதேச ஈரநிலப்) பட்டியலில் சேர்ந்த ஆண்டு 2022 என்று சேர்த்தேன்’ என்றால் ஆறு மாதம் கழித்தும் புரியும். கமிட் உங்கள் கணினியிலேயே நடக்கிறது, அதற்கு நெட் தேவையில்லை. மலையோரம் சிக்னல் போனாலும் வேலை நிற்காது.

இந்த இரண்டும் கைக்கு வந்த பிறகு கிட் கோப்புகளை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில், பிறர் பார்க்க முடியாத தனிக் களஞ்சியம் ஒன்றைத் திறந்து அண்ணனைச் சேருங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. எழுத உட்காரும் முன் புல் (அங்கிருக்கும் மாற்றங்களை உங்கள் கணினிக்கு இழுப்பது), முடித்ததும் புஷ் (உங்கள் கமிட்களை அங்கே அனுப்புவது). இருவரும் ஒரே வரியைத் திருத்தியிருந்தால் கிட் நிறுத்திவிட்டு, <<<<<<< குறியோடு இரண்டு வடிவங்களையும் கோப்பிலேயே வைக்கும். எதுவும் அழிந்துவிடவில்லை. அண்ணனுக்கு ஒரு போன் போட்டு எது சரி என்று கேளுங்கள், வேண்டியதை வைத்துக்கொண்டு குறிகளை நீக்கிவிட்டுக் கமிட் செய்யுங்கள்.

பின்னாளில் அந்தக் கறுப்புத் திரைக்கு, அதாவது கட்டளை வரிக்குப் போனால், தமிழ்க் கோப்புப் பெயர்கள் எண்களும் சாய்கோடுகளுமாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, core.quotepath என்ற கிட் அமைப்பை false ஆக்கினால் சரியாகிவிடும். குளத்துப் படங்களை மட்டும் இதற்குள் கொட்டாதீர்கள். ஒருமுறை கமிட் செய்த படத்தைப் பிறகு நீக்கினாலும் அது வரலாற்றில் இருந்துகொண்டு களஞ்சியத்தைக் கனமாக்கும். அவற்றை கூகுள் டிரைவில் வைத்து, கோப்பில் இணைப்பு கொடுங்கள்.