குழந்தையின் எடையும் வீட்டுப் பழக்கமும்: நீலகிரிப் பெற்றோர் கேட்டவை

குன்னூரில் குழந்தைகளுக்கான உணவு ஆலோசகராக வேலை செய்கிறேன். பிள்ளைகளின் எடை, சாப்பாடு, தூக்கம் பற்றி மனதில் இருப்பதை எழுதித் தாருங்கள் என்று மாவட்டத்தின் பல ஊர்ப் பெற்றோரிடம் கேட்டிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேள்வி முழுக்கப் பிள்ளையைப் பற்றி இருந்தாலும், என் பதில் பெரும்பாலும் உங்களைப் பற்றியும் உங்கள் வீட்டைப் பற்றியும் இருக்கும். கோபப்படாமல் படியுங்கள்.

கோத்தகிரியிலிருந்து ஓர் அப்பா: பையனுக்கு 10 வயது, 52 கிலோ. நானும் என் மனைவியும் பருமன்தான். எங்கள் குடும்ப வாகே இது. பரம்பரையாக வருவதை மாற்ற முடியுமா மேடம்?

பரம்பரைக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவில் 1997இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பெற்றோர் பருமனாக இருந்தால் 10 வயதுக்குட்பட்ட பிள்ளை வளர்ந்தபின் பருமனாகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் கூடுவதாகக் கண்டார்கள். இப்போது ஒல்லியாக இருக்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

ஆனால் உங்களிடமிருந்து பையனுக்குப் போவது மரபணு மட்டுமா அண்ணா? அதே அடுப்பில் அதே எண்ணெயில் வெந்த சாப்பாடு, அதே டிவி நேரம், அதே தூங்கும் நேரம் எல்லாமே சேர்ந்து போகிறது. உங்கள் தாத்தாவுக்கும் இதே மரபணுதான். அவர் தோட்டத்துக்கு ஏறி இறங்கினார், ராகிக் களியும் அவரைக் குழம்பும் சாப்பிட்டார், இருட்டியதும் படுத்தார். உடல்வாகு அப்படியே இருக்க, வீடு மாறியிருக்கிறது.

இஸ்ரேலில் மோரியா கோலன் என்ற ஊட்டச்சத்து நிபுணரின் குழு, பருமனான பிள்ளைகளின் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கே ஆலோசனை. இன்னொன்றில் பிள்ளைகளைக் கூப்பிடவே இல்லை, பெற்றோருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். 7 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் இரண்டாவது பிரிவுப் பிள்ளைகளின் அதிக எடைதான் கூடுதலாகக் குறைந்திருந்தது. அதனால்தான் பல சமயம் பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் அம்மா, அப்பா இருவரையும் வரச் சொல்கிறேன்.

பையனை ஒரு முறை குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையை வைத்து உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வளரும் வயதில் எடை இறங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. எடை அதே இடத்தில் நிற்க உயரம் கூடினாலே பல பிள்ளைகளுக்குப் போதும். பட்டினி மட்டும் போடாதீர்கள்.

குன்னூரிலிருந்து ஓர் அம்மா: குளிருக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டே இருப்போம். 7 வயது மகளும் மூன்று வேளை குடிக்கிறாள், கூடவே வர்க்கி. தப்பா அக்கா?

தேயிலை விளைகிற ஊரில் டீயை விடுங்கள் என்று சொல்ல எனக்கே மனம் வராது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் மூன்று டீக்கு ஆறு ஸ்பூன். ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 4 முதல் 5 கிராம், ஆக 24 முதல் 30 கிராம் வந்துவிடும். தினசரி கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் சர்க்கரை இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,500 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு 5 சதவீதம் என்பது சுமார் 19 கிராம். வர்க்கியையும் பிஸ்கட்டையும் எண்ணாமலே உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள். வர்க்கி மைதாவும் கொழுப்பும் சேர்ந்த பண்டம். ஞாயிற்றுக்கிழமை ஒன்று சாப்பிடட்டும், தினமும் வேண்டாம்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை இரும்புச்சத்து. டீயில் இருக்கும் டானின், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ள விடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் சொல்கிறது. இட்லியோடு டீ குடிக்கும் பழக்கம் நம் பக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. பெரியவர்கள் முதலில் அதை நிறுத்த வேண்டும்.

மகளுக்குக் குளிருக்கு இதமாக ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். சூடான பால், ராகிக் கஞ்சி, மிளகு தட்டிப் போட்ட காய்கறி சூப் எதுவானாலும் கொடுங்கள். உங்கள் டம்ளரிலும் சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டாம் நாள் எல்லோருமே பழையபடி போட ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஊட்டியிலிருந்து டாக்ஸி ஓட்டும் ஓர் அப்பா: சீசனில் வீட்டுக்கு வர இரவு பத்து, பத்தரை ஆகிவிடும். வரும்போது பரோட்டா பார்சல் வாங்கி வருவேன். மகன் தூங்காமல் காத்திருந்து என்னோடு சாப்பிடுவான். 8 வயது. வரவர எடை கூடுகிறது.

தம்பி, இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு உங்கள் மகன்மேல்தான் பாசம் வந்தது. அவன் பரோட்டாவுக்காகக் காத்திருக்கவில்லை, அப்பாவுக்காகக் காத்திருக்கிறான். அதனால் பார்சலை மட்டும் நிறுத்தச் சொன்னால் நான் பாதிதான் பதில் சொன்னவளாவேன்.

6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதினொன்றுக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால் ஏழரை மணி நேரம்தான் வருகிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் குறையும். மறுநாள் பள்ளியில் சோர்வு, விளையாடத் தெம்பு இருக்காது, சாயங்காலம் இனிப்புக்கு அலைவான். இதில் மைதாவும் எண்ணெயும் சேர்ந்த பத்தரை மணிச் சாப்பாடு இரண்டாம் இரவுச் சாப்பாடாகவும் இருக்கலாம். ஏழு மணிக்கு அவன் அம்மா ஏதாவது கொடுத்திருப்பார்.

நான் சொல்வது இது. சீசன் முடியும்வரை உங்கள் இருவருக்குமான சாப்பாட்டைக் காலைக்கு மாற்றுங்கள். எவ்வளவு அசதியாக இருந்தாலும் ஏழு மணிக்கு எழுந்து அவனோடு உட்கார்ந்து தோசை சாப்பிடுங்கள். முடிந்தால் பள்ளிவரை கூட நடந்து போங்கள். இரவு எட்டு மணிக்கு ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிடம் போனில் பேசிவிடுங்கள், “அப்பாகூடக் காலையில் சாப்பிடலாம், இப்போது படு” என்று. முதல் வாரம் அழுவான், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவில் பரோட்டா சாப்பிட்டுப் படுப்பது உங்கள் உடம்புக்கும் ஆகாது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஆண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் அதிக எடையோடு இருந்தார்கள். ஒருமுறை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள்.

கூடலூரிலிருந்து ஒரு பாட்டி: பேரன் கொழுகொழுவென்று இருந்தால் என்னம்மா குறை? ஒல்லியாக இருந்தால்தானே சீக்கு வரும்?

பாட்டிம்மா, உங்கள் காலத்தில் பசியும் காய்ச்சலும் பிள்ளைகளை வாட்டியது. அந்தப் பயம் உங்களுக்குள் இருப்பது நியாயம்தான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு உடம்பு பார்க்க ஒல்லியாக இருந்தாலும் உள்ளே கொழுப்பு கூடுதலாகச் சேரும் வாகு உண்டு என்று புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழு பல வருடம் ஆராய்ந்து சொல்லியிருக்கிறது. கொழுகொழு உடம்பு பலம் ஆகாது. அங்கன்வாடியில் எடை, உயரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவன் போதும் என்று தட்டைத் தள்ளினால் அதற்குமேல் ஊட்டாதீர்கள்.

கோத்தகிரி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா: பிள்ளைகளை ஓடி விளையாட விடுங்கள் என்கிறீர்கள். இங்கே சாயங்காலம் ஆனால் காட்டெருமை நிற்கிறது, கரடி வருகிறது. எப்படி விடுவது?

விடாதீர்கள். கரடி நடமாடும் பாதையில் பிள்ளையைத் தனியாக நடக்கச் சொல்ல நான் தயாரில்லை. வெளிச்சம் இருக்கும்போது, நாலைந்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து, முறைவைத்து ஒரு பெரியவர் கூட இருக்கட்டும். இந்தப் பொறுப்பை ஊருக்குள் பங்கிட்டுக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை.

5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும் அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. காலையில் பதினைந்து நிமிடம், பள்ளியில் இருபது, வீட்டு முற்றத்தில் கயிறு தாண்டல், பாண்டி, படி ஏறி இறங்கல் எல்லாம் சேரும். ஆடி மழையில் அதுவும் முடியாதபோது பாட்டுப் போட்டு வீட்டுக்குள் ஆடட்டும், நீங்களும் ஆடுங்கள். அம்மா ஆடினால் பிள்ளை ஆடாமல் இருக்காது.

குன்னூரிலிருந்து ஓர் அப்பா: 3 வயது. போன் காட்டினால்தான் வாய் திறக்கிறான்.

படம் பார்த்துக்கொண்டே சாப்பிடும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. இந்த வயதுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்குள் இருக்க வேண்டும், சாப்பாட்டின்போது கூடவே கூடாது. ஆனால் அவன் சாப்பிடும்போது உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சாப்பிடும் நேரத்தில் வீட்டில் எல்லோருடைய போனும் அலமாரிக்குள் போகட்டும். இரண்டு மூன்று நாள் குறைவாகச் சாப்பிடுவான், ஆரோக்கியமான குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

ஊட்டியிலிருந்து ஓர் அம்மா: நான் எடை குறைக்க இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். இப்போது 13 வயது மகளும் சோறு வேண்டாம் என்கிறாள். “நான் குண்டு” என்று அழுகிறாள். அவள் குண்டு இல்லை.

இந்தக் கேள்வியை அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் நின்று “ஐயோ, எப்படி ஊதிப்போயிட்டேன்” என்று நாம் சொல்வதையெல்லாம் மகள்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இன்றிலிருந்து வீட்டில் யாருடைய உடம்பைப் பற்றியும் பேச்சு வேண்டாம், உறவினர் பேசினாலும் அங்கேயே நிறுத்துங்கள். நீங்களும் இரவில் அளவாக அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு இரும்புச்சத்தும் புரதமும் கூடுதலாக வேண்டிய காலம் இது. மாதவிடாய் நின்றாலோ, தலைசுற்றினாலோ, சாப்பாட்டை மறைத்துக் கொட்டினாலோ, சாப்பிட்டதும் கழிவறைக்கு ஓடினாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அவளைத் திட்டி ஊட்டாதீர்கள்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டிலிருந்து ஓர் அப்பா: நான் வாசலில் நின்றுதான் சிகரெட் பிடிக்கிறேன். அதனால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?

ஆகும். குளிருக்கு ஜன்னலை அடைத்து வைக்கும் வீட்டில் உங்கள் ஸ்வெட்டரில் ஒட்டிய புகையும் உள்ளே வரும். பிள்ளைக்கு மூச்சிரைப்பு கூடினால் ஓடி விளையாடுவதும் குறையும். அப்பா புகைக்கும் வீட்டில் பிள்ளை புகைக்கத் தொடங்கும் வாய்ப்பும் அதிகம். விடுவதற்கு அரசு மருத்துவமனையில் உதவி கேளுங்கள்.

கேத்தியிலிருந்து ஒரு விவசாயக் குடும்பம்: காரட்டும் பீட்ரூட்டும் நாங்களே போடுகிறோம். எங்கள் பிள்ளைகள் ஒன்றையும் தொடுவதில்லை.

நல்ல காயெல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விட்டு, உடைந்ததும் வெடித்ததும்தான் சமையலுக்கு வருகிறதா? நிறைய வீடுகளில் அப்படித்தான் பார்க்கிறேன். முதலில் இரண்டு கிலோ நல்ல காரட்டை வீட்டுக்கு எடுத்து வையுங்கள். பிள்ளைகள் புதுச் சுவையை ஏற்க எட்டு, பத்து, சில சமயம் பதினைந்து முறைகூட ஆகும். ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்பூன் மட்டும் தட்டில் வையுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம், “சாப்பிட்டால் சாக்லேட்” என்ற பேரமும் வேண்டாம். பிடுங்கும் நாளில் அவர்களையும் கூட்டிப்போங்கள். கழுவிய காரட்டை அங்கேயே கடிக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், சாம்பாரில் பீன்ஸை ஒதுக்கி வைக்கும் அப்பா யாராவது வீட்டில் இருந்தால், அவர் அதைச் சாப்பிட ஆரம்பிக்கட்டும்.

குன்னூரிலிருந்து ஓர் அம்மா: மகனுக்குக் கழுத்தின் பின்பக்கம் கறுத்துப்போயிருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

தேய்க்காதீர்கள், அது அழுக்கு இல்லை. எடை கூடிய பிள்ளைக்குக் கழுத்தும் அக்குளும் இப்படித் தடித்துக் கறுத்தால், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். இந்த வாரமே மருத்துவரிடம் காட்டிச் சர்க்கரைப் பரிசோதனை செய்யுங்கள். நீங்களும் உங்கள் கணவரும் அதே நாளில் செய்துகொள்ளுங்கள், முடிவுகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள்.