வாசகர் கேள்வி-பதில்: பங்குனி, சித்திரையில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

வலசைப் பறவைகள் திரும்பிப் போகும் நேரம் என்பதால் இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்த சில கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

வெளிநாட்டுப் பறவைகளை டிசம்பர், ஜனவரியில்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எனக்குப் பரீட்சை முடிந்து மார்ச் கடைசியில்தான் நேரம் கிடைக்கும். சீசன் முடிந்த பிறகு போய் என்ன பார்ப்பது?
– ப்ளஸ் டூ மாணவி, சென்னை

சீசன் முடியவில்லைம்மா, கட்டாயம் போங்கள். வடக்கே இருக்கிற நாடுகளில் வசந்தம் என்றால் பறவைகள் வந்து சேரும் காலம். நமக்கு அதே வசந்தம் அவற்றை வழியனுப்பும் காலம். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பார்க்கக் கிடைப்பது டிசம்பரில் கிடைக்காது.

பொன்னிற உப்புக்கொத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலம் முழுக்க அது சேற்றின் நிறத்திலேயே, பழுப்பில் மஞ்சள் புள்ளி போட்டபடி நின்றுகொண்டிருக்கும், கண்டுபிடிப்பதே கஷ்டம். ஏப்ரலில் பார்த்தால் முகத்திலிருந்து வயிறு வரை கறுப்பு ஏறி, நெற்றியிலிருந்து தோள் வழியாக ஒரு வெள்ளைப் பட்டை இறங்கியிருக்கும். சில பறவைகளில் அந்த மாற்றம் பாதியில் நிற்கும், கறுப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாக. கருவால் மூக்கனுக்குக் கழுத்து செங்கல் நிறமாகிவிடும். மீசை ஆலாவுக்குத் தலையில் கறுப்புத் தொப்பியும் வயிற்றில் கரும்சாம்பலும் வந்துவிடும். சைபீரியாவில் இனப்பெருக்கத்துக்கு உடுத்த வேண்டிய உடையை உப்புக்கொத்தி நம் ஊர்ச் சேற்றில் நின்றே உடுத்திக்கொண்டு கிளம்புகிறது, அதைப் பார்க்க இந்தச் சில வாரங்களை விட்டால் வேறு நேரம் இல்லை.

சென்னையில் இருப்பவருக்கு இடத்துக்கும் பஞ்சமில்லை. பள்ளிக்கரணை, அடையாறு முகத்துவாரம், கேளம்பாக்கம் கழிவெளி, கொஞ்சம் தள்ளிப் போனால் பழவேற்காடு. கோடை நெருங்க நீர் வற்றிச் சேறு வெளியே வருவதால் கரைப்பறவைகள் ஓரிடத்தில் கூடி நிற்கும். எங்கும் போக முடியவில்லை என்றால் வீட்டு வேலியைக் கவனியுங்கள். அக்டோபரிலிருந்து புதருக்குள் ‘டக், டக்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த கதிர்க்குருவி, கிளம்பும் முன் பாட ஆரம்பித்துவிடும்.

எங்கள் போட்டோகிராபி குழுவில் ஒருவர் கைதட்டிப் பறவைக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவார், மற்றவர்கள் பறக்கும் படம் எடுப்பார்கள். இரண்டு நிமிடத்தில் திரும்ப அதே இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. இதில் என்ன கெடுதல் என்று கேட்கிறார்கள், பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஐ.டி. ஊழியர், சென்னை

கெடுதல் இருக்கிறது, அதுவும் இந்த மாதத்தில் மிக அதிகம்.

ஏப்ரலில் ஒரு கொசு உள்ளான் சேற்றில் தலையைத் தூக்காமல் கொத்திக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பறவை சாதாரணமாக 20, 30 கிராம் எடைதான் இருக்கும். ஜூனில் அது ஆர்க்டிக் ஓரத்தில் முட்டை இட்டிருக்க வேண்டும். அவ்வளவு தூரத்துக்கும் எரிபொருள் உடம்பில் சேர்கிற கொழுப்புதான். இப்படி நெடுந்தூரம் போகும் கரைப்பறவைகளில் சில, கிளம்புவதற்கு முன் வழக்கமான எடையில் பாதி அளவுக்குக்கூடக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும். அதற்கு நேரம் வேண்டும், அமைதியும் வேண்டும். கடலோரத்தில் ஓதம் ஏறிவிட்டால் சேறு மூழ்கிவிடும், இரை தேட முடியாது, அதனால் இருக்கிற சில மணி நேரத்தில்தான் தின்றாக வேண்டும், மற்ற நேரத்தில் ஓய்வெடுத்தாக வேண்டும். ராத்திரி பஸ் ஏறப் போகிறவரை இலையிலிருந்து ஐந்து முறை எழுப்பிவிட்டு, ‘திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டாரே’ என்று சொல்வது போலத்தான் உங்கள் நண்பர்கள் சொல்வதும். உங்கள் குழு போன பிறகு அடுத்த குழு வரும், ஒரு நாய் வரும், மேலே சேற்றுப் பூனைப்பருந்து ஒரு சுற்று சுற்றும். பருந்தைக் குறை சொல்ல முடியாது, அதற்கும் பசி. கைதட்டுவதற்கு அப்படி என்ன அவசியம்?

எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்று மீட்டர் கணக்குக் கேட்பார்கள். அது இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் மாறும், பறவையிடமே பதில் இருக்கிறது. கொத்திக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டிப் பார்த்தால், அங்கேயே நில்லுங்கள். தலையை மேலும் கீழும் ஆட்டினாலோ, உங்களுக்கு எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தாலோ, பக்கத்தில் இருக்கிற ஆள்காட்டிக் குருவி கத்தத் தொடங்கினாலோ இரண்டடி பின்னால் வாருங்கள். திரும்பக் கொத்த ஆரம்பித்தால் உங்கள் இடம் சரி என்று அர்த்தம். நேராக அதை நோக்கி நடக்காமல் சாய்வாக, நின்று நின்று போனால் இன்னும் நெருங்க விடும். கார் இருந்தால் காரை விட்டு இறங்காதீர்கள், மனித உருவத்துக்குப் பயப்படுகிற அளவு வண்டிக்குப் பயப்படுவதில்லை. (பள்ளிக்கரணை ரேடியல் ரோட்டில் ஓரமாக நிறுத்திப் படம் எடுப்பது வேறு விஷயம். அங்கே ஆபத்து உங்களுக்கு.) பறக்கும் படம் வேண்டுமென்றால் காத்திருங்கள், பறவை தானாகப் பறக்காமல் எங்கே போகும்?

தோட்டத்தில் ஆறுமணிக்குருவி கூப்பிடுகிறது, ஆனால் வெளியே வருவதே இல்லை. போனில் அதன் குரலைப் போட்டால் வருமாமே, போடலாமா?
– ஆசிரியர், கோயம்புத்தூர்

வரும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

தன் இடத்துக்குள் இன்னொன்று நுழைந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது வெளியே ஓடி வருகிறது, உங்களைப் பார்க்க அல்ல. சருகைப் புரட்டிப் புழு தின்னும் பறவை தின்பதை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடித் திறந்த வெளியில் நின்றால் பூனைக்கோ வைரி என்கிற வேட்டைப் பறவைக்கோ வசதியாகப் போய்விடும். இதுவும் வலசைக்காரப் பறவை. ஏப்ரல், மே வாக்கில் வடக்கே கிளம்பி, மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் கூடு கட்டப் போகிறது. கிளம்பப் போகிறதைச் சண்டைக்கு இழுக்காதீர்கள் சார்.

ஆனால் பார்க்க வழி இருக்கிறது. விடியும் நேரத்திலும் அந்தி சாயும்போதும் அந்த இரட்டை விசில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று இரண்டு நாள் கவனித்து, முன்கூட்டியே போய்ச் சுவரோரமாக அசையாமல் உட்காருங்கள். சருகு சரசரக்கும். முதலில் வயிற்றடியில் இருக்கிற சிவப்புதான் தெரியும், அப்புறம் முதுகின் பச்சை. மெர்லின் போன்ற செயலியைக் குரலைக் கேட்டு இனம் சொல்ல வைப்பதில் தவறே இல்லை. அதையே ஸ்பீக்கரில் திருப்பிப் போடுவதுதான் பிரச்சினை.

ஏரிக்கரையில் ஆள்காட்டி முட்டை இட்டிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் லொகேஷன் கேட்கிறார்கள். கொடுக்கவில்லை என்றால் பொறாமை என்கிறார்கள்.
– வாசகர், மதுரை

சொல்லிவிட்டுப் போகட்டும், கொடுக்காதீர்கள்.

ஆள்காட்டிக்குக் கூடு என்று தனியாக எதுவும் கிடையாது, வெறும் தரையில் நாலைந்து கூழாங்கல்லுக்கு நடுவே முட்டை இடும். சித்திரை வெயிலில் அந்தத் தரை எப்படிச் சுடும் என்று செருப்பில்லாமல் நின்றால் தெரியும். தாய்ப்பறவை அங்கே உட்காருவது சூடு கொடுக்க இல்லை, நிழல் கொடுக்க. தண்ணீருக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்து வந்து, ஈரத்தோடு முட்டைமேல் உட்கார்ந்து குளிர வைக்கும். பத்துப் பேர் ஆளுக்குக் கால் மணி நேரம் அங்கே நின்றால், அது வானத்தில் கத்திக்கொண்டே சுற்றும், கீழே முட்டை வெந்துவிடும். போதாததற்குக் காகம் மனிதர்கள் எங்கே குனிகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருக்கும்.

மரத்துக் கூட்டுக்கும் இதே கதைதான். படத்துக்கு மறைக்கிறது என்று ஒரு கொப்பை ஒடிப்பார்கள், குஞ்சுக்கு நிழல் போய்விடும், பருந்துக்கு வழி திறந்துவிடும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பறவையின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது, குழுவில் இதை எடுத்துப் போடுங்கள். பதிவு செய்ய ஆசை என்றால், குஞ்சுகள் நடமாட ஆரம்பித்து இடம் காலியான பிறகு பதியலாம். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில்கூட ஆபத்தில் இருக்கும் சில இனங்களின் சரியான இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துத்தான் வைக்கிறார்கள்.

நாங்கள் ஏரிப்பாசனத்தில் நெல் போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கார் கார்களாக வருகிறார்கள். வரப்பை மிதிக்கிறார்கள், நாற்றங்காலில் இறங்குகிறார்கள், கேட்டால் ‘பறவை எல்லோருக்கும் பொதுதானே’ என்கிறார்கள். போன மாதம் டிரோன் விட்டதில் நாரைகள் மொத்தமும் கிளம்பிவிட்டன. நாங்கள் என்ன செய்வது?
– விவசாயி, செங்கல்பட்டு மாவட்டம்

பறவை பொதுதான் ஐயா, வயல் உங்களுடையது. கேட்காமல் இறங்குவதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

உங்கள் மாவட்டத்து வேடந்தாங்கலே இதற்குப் பெரிய உதாரணம். அந்த ஏரியின் நாரைகளையும் கொக்குகளையும் சிப்பாய்கள் சுட்டபோது ஊர்க்காரர்கள்தான் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ் அந்த ஊருக்குப் பாதுகாப்பு உரிமையை எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கிற வீட்டு மரங்களிலேயே நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. இவற்றை எல்லாம் காப்பாற்றி வைத்தவர்கள் உங்களைப் போன்றவர்கள். பைனாகுலரோடு வருகிற நாங்கள் விருந்தாளிகள், விருந்தாளி மாதிரி நடந்துகொள்ள வேண்டியது எங்கள் பொறுப்பு.

டிரோனைப் பற்றி வனத்துறைக்கும் போலீசுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள், வண்டி எண்ணோடு. ஊராட்சி மூலம் கரையில் ஒரு பலகை வைக்கலாம்: கரையை விட்டு இறங்காதீர்கள், வண்டியை இங்கே நிறுத்துங்கள், டிரோன் கூடாது. பறவை பார்க்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வயலில் யாராவது இருந்தால் முதலில் போய் வணக்கம் சொல்லிக் கேளுங்கள். எந்தப் பறவை எந்த மூலையில் அடைகிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு உங்கள் செயலிக்குத் தெரியாது.

மைனாக் குஞ்சு கீழே கிடக்கிறது, என்ன கொடுக்கலாம்?
– இல்லத்தரசி, திருநெல்வேலி

எதுவும் கொடுக்க வேண்டாம், பாலும் சோறும் கண்டிப்பாக வேண்டாம். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிறது என்றால் அது பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனை எட்டாத ஒரு செடிமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள். இறகே இல்லாத குஞ்சு என்றால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள், மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. அடிபட்டிருந்தால் மட்டும் வனத்துறைக்குப் போன் செய்யுங்கள்.

இத்தனை ‘வேண்டாம்’ சொல்கிறீர்கள். அப்படியானால் பறவை பார்க்கவே போகாமல் இருப்பதுதானே அவற்றுக்கு நல்லது?
– வாசகர், திருச்சி

இல்லை. யாரும் பார்க்காத ஏரியில் மண் கொட்டினால் கேட்க ஆள் இருக்காது.

2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது, அதில் 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்று சொன்னது. அந்த அறிக்கைக்கு அடிப்படை, நம்மைப் போல் காலையில் எழுந்து ஏரிக்குப் போய் எண்ணி எழுதிய 30,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகள். கொசு உள்ளானும் உப்புக்கொத்தியும் குறைகின்றனவா என்று தெரிந்துகொள்ள வேறு எளிய வழி கிடையாது. ஆகவே போங்கள், எண்ணுங்கள், எழுதி வையுங்கள். வலசை வருகிற தகைவிலானைக் கடைசியாக எந்தத் தேதியில் கரண்ட் கம்பியில் பார்த்தீர்கள் என்று குறித்து வைப்பதே ஒரு நல்ல பதிவு, அதற்கு எந்தப் பறவையையும் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

முதல் பைனாகுலர் வாங்கப் போகிறேன். கடைக்காரர் 20 மடங்கு பெரிதாக்கும் ஒன்றைக் காட்டுகிறார். வாங்கலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

வேண்டாம். 20 மடங்கு என்றால் கை நடுக்கமும் 20 மடங்கு தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கிவிடும், பறக்கும் பறவையைப் பிடிக்கவே முடியாது. 8×42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 8 என்பது பெரிதாக்கும் அளவு, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். விடியற்காலை மங்கல் வெளிச்சத்துக்கு அது போதும். 80 மீட்டர் தள்ளி நிற்கிற பூநாரை 10 மீட்டரில் நிற்பது போலத் தெரியும். நீங்கள் நாகப்பட்டினம் என்பதால் கோடியக்கரை பக்கம்தான், ஏப்ரல் முடிவதற்குள் ஒரு நடை போய் வாருங்கள். வெயிலுக்குத் தொப்பியும் இரண்டு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.